நின்ற கூரை, பறந்த கூரை

காலையில் நின்ற கூரை மத்தியானம் பறந்தது. அதே தகடு, அதே திருகாணி, கூரையைச் சுவரோடு பிணைக்கும் அதே இரும்புப் பட்டை. வரைந்தவனும் நான்தான். எங்கள் சோதனைக் கொட்டகையில் ஆள் உயர விசிறிகளை முடுக்கி, ஓர் ஒற்றை அறை வீட்டின் மேல் புயல்காற்றை ஏவிப் பார்ப்போம். காலையில் கைதட்டினோம். மத்தியானம் கூரை பெயர்ந்து கொட்டகைச் சுவரில் போய் மோதியது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போயிருப்பேன். நாளைக்கு நிஜப் புயலே கரையைக் கடக்கிறது. கடலோரத்தில் என் அக்கா வீட்டின் மேல் இருப்பதும் இதே கூரைதான். வீட்டிலேயே இருக்கலாமா, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் "இரு, சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

"திருகாணி சரியா இறங்கல போல," என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் தச்சர். அவரை மீசை என்றுதான் கூப்பிடுவோம், மீசை கிடையாது. ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது கால் எதிலோ இடறியது. அளவுக் கருவியின் ஒயர். இன்னும் துல்லியமாக அளக்கலாமே என்று மத்தியானம் நானே புதிதாக இழுத்தது. அது நசுங்கக் கூடாதென்று சோதனை வீட்டின் பின்கதவை ஒருக்களித்து வைத்திருந்தோம். அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து நெட்டித் தள்ளியிருக்கிறது. அளக்கிறேன் பேர்வழி என்று புயலுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அப்பாடா என்றிருந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"வீட்டிலேயே இருக்கலாம்க்கா. பின்கதவை மட்டும் இறுக்கிச் சாத்திடு."

"பின்கதவு ஏது? பலகை கிடைக்கலன்னு உன் மாமா அதைக் கழட்டி முன்ஜன்னல்ல வச்சு ஆணி அடிச்சிட்டாரு. நீதானேடா ஜன்னலை அடைக்கச் சொன்னே?"

"திரும்ப மாட்ட முடியாதா?"

"கழட்டும்போதே நிலை பிளந்துபோச்சு. போர்வையைத் தொங்க விட்டிருக்கேன்."

பறந்த கூரை சுவரோரம் மல்லாந்து கிடந்தது.

"என்னடா, தாங்காதா? உன் கூரைதானே?"

"என் கூரைதான்க்கா. அதான் சொல்றேன், மாமாவைக் கூட்டிட்டு இப்பவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு."