பந்து விழுந்த பிறகு

அடுத்த மாதத்திலிருந்து தொர்கின் கேசினோ வாசலை மிதிக்கக் கூடாது. அரசு வேலையில் இருப்பவர்கள் சூதாடக் கூடாது என்பது சட்டம். அல்மாத்தி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. மோசடி வழக்குகளை விழுந்து விழுந்து படித்தவள். சூதாட்ட மேஜை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதைப் போகிறபோக்கில் வீட்டில் சொன்னாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் மெய்ராம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மெய்ராம் அவளுடைய அக்கா கணவன். அக்கா ஜிபெக் இறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் தானாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். அவன் மகள் அய்ஸெரே தொர்கின் வீட்டில்தான் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவான். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பான். எழுந்து போவான்.

கேசினோக்கள் இருக்கும் கொனாயெவுக்குப் போகும் சாலையில் கார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி.

"ஆடுறது நான். நீ வேடிக்கை பாரு" என்றான்.

"ஜெயிச்சா எனக்கென்ன அத்தான்?"

பழைய பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பிடுங்கிக்கோ. முன்ன மாதிரி" என்றான் மெய்ராம். சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "ஆனா பந்து விழுந்த உடனே பிடுங்கணும். யோசிச்சுட்டு நின்னா ஒண்ணும் கிடையாது."

அக்கா கணவனின் சட்டைப்பைக்குள் கொழுந்தியாள் கைவிட்டால் இங்கே யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. அவன் முறைத்தால் அவனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். கல்யாணத்தன்று அவனுடைய ஒரு பூட்ஸை ஒளித்து வைத்துப் பேரம் பேசியவள் தொர்கின். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனுக்கே விற்றிருக்கிறாள். ஜிபெக்கோடு அந்த விளையாட்டும் போயிற்று. துக்க வீட்டில் யார் யாரைச் சீண்டுவது?

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கியதை அவன் பார்க்க வேண்டாம்.

வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். உள்ளே ஜன்னல் இல்லை. கடிகாரமும் இல்லை. வெளியே நல்ல வெயில். உள்ளே எந்த நேரம் என்றே தெரியவில்லை. ஓரத்தில் இரண்டு பேர் இலவச லக்மான் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆட வந்தவர்களைவிடச் சாப்பிட வந்தவர்கள்தான் தெம்பாக இருந்தார்கள்.

ரூலெட் மேஜையில் வெரோனிக்கா என்ற பெண் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பணத்துக்குப் பதிலாக ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் தனி நிறச் சில்லு. மெய்ராமுக்கு நீலம். எதிரே ஆட்டு வியாபாரி போல ஒரு பருத்த ஆள், அவருக்கு மஞ்சள்.

தொர்கினுக்கு எல்லாமே கேள்வி.

"உங்க சட்டையில பையே இல்லையே?"

"இருந்தா சில்லு உள்ள போயிடும்னு தைக்கவே மாட்டாங்க."

"மூக்கு ஒழுகினா?"

"ஒழுகவும் அனுமதி வாங்கணும்." வெரோனிக்கா சிரிக்காமல் சொன்னாள். "அக்கா, பந்து விழுந்ததும் விரிப்பு மேல யார் கையும் வரக் கூடாது. உங்களுக்கு முன்னாடி இருக்கிற குவியல் உங்களோடது. அதை என்ன வேணா பண்ணிக்குங்க."

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார் மஞ்சள் சில்லுக்காரர். "பந்து உன்னைப் பாத்து வெட்கப்படுது. என் நம்பருக்கு வரவே மாட்டேங்குது."

"உங்களப் பாத்துப் பயந்திருக்கும்ணே."

மெய்ராம் ஒவ்வொரு முறையும் நடுப் பன்னிரண்டு எண்களுக்கும் சேர்த்து ஒரே கட்டத்தில் வைத்தான். தோற்றான், தோற்றான், ஜெயித்தான். வெரோனிக்கா தள்ளிய சில்லுகள் அவன் முன்னால் வந்து சேர்ந்ததும் தொர்கின் பாய்ந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். மேஜையே சிரித்தது.

"கொழுந்தியாவா?" என்று கேட்டார் மஞ்சள். "அப்ப நீ ஆடினதெல்லாம் வீண், தம்பி. வீட்டுக்குக் கிளம்பு."

மெய்ராமும் சிரித்தான். பல் தெரிந்தது. அந்தச் சிரிப்பை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தொர்கின் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு சுற்று கழித்துப் பந்து இருபத்து மூன்றில் விழுந்தது. அதுவும் நடுப் பன்னிரண்டுக்குள்தான். பந்து விழுந்த உடனே என்று அவன் சொன்னது நினைவில் இருந்தது.

"விட மாட்டேன் அத்தான்!"

அவன் குவியலில் இரண்டு கையையும் விட்டாள். சில்லுகள் சிதறித் தரையில் உருண்டன. மஞ்சள் சில்லுக்காரர் "ஐயய்யோ" என்று குனிந்தார். வெரோனிக்கா சக்கரத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு வெரோனிக்கா ஜெயித்த எண்ணைக் காட்டும் கண்ணாடிக் குறியை எடுத்து இருபத்து மூன்றின் மேல் வைத்தாள்.

"நீலம். நேர் எண்ணில் மூணு சில்லு."

"நம்பர்லயும் வச்சிருந்தீங்களா!" தொர்கின் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நேர் எண்ணுக்கு முப்பத்தைந்து மடங்கு என்று அப்போதுதான் கற்றிருந்தாள்.

பணம் வரவில்லை. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்து வெரோனிக்காவின் தோளைத் தொட்டார். வெரோனிக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?"

அறையில் திரைகள், ஒரு மேஜை, ஒரு தேநீர்க் கெண்டி. கோட்டுக்காரர் பெயர் குவாண்டிக். முன்னாள் போலீஸ்காரர், அதை அவரே சொன்னார். பாலும் தேநீரும் கலந்து மூன்று கிண்ணத்தில் அரை அரையாக ஊற்றினார்.

"மேல உக்காந்து கேமரா பாக்கிற பையன் பதறிட்டான். ஒரு பொண்ணு சில்லு திருடுதுன்னு. அவன் டவுன்காரன், அக்கா தங்கச்சி இல்லாத வீடு. அவனுக்கென்ன தெரியும்." தொர்கினைப் பார்த்தார். "இவருக்குக் கொழுந்தியாதான?"

"ஆமாண்ணே."

"எனக்கு ரெண்டு பேரு இருக்காளுங்க. என் குதிரையவே பிடிச்சுட்டுப் போயிட்டாளுங்க. ஒரு வாரம் நடந்தே திரிஞ்சேன்."

தொர்கினுக்குப் பாரம் இறங்கியது. இறங்கியதும் ஆர்வம் ஏறியது.

"நிஜமாவே ஏமாத்துறவங்களும் வருவாங்களாண்ணே?"

"வராம? பந்து விழுந்தப்புறம் சில்லு வைக்கிறவன், தோத்த சில்லை உருவுறவன். தனியா செஞ்சா ஒரு மாதிரி. ரெண்டு பேரு செஞ்சா…"

"முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டுச் செஞ்சா பிரிவே மாறிடும். தண்டனை கூடும்" என்று அவள் முடித்தாள்.

"வக்கீலாம்மா?"

"அடுத்த மாசம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துல சேர்றேன்."

"அடடே. அப்ப நான்தான் எழுந்து நிக்கணும்." நிற்கவில்லை. கிண்ணத்தை நிரப்பினார். "தேநீரக் குடிச்சுட்டுக் கிளம்புங்க. கவுன்டர்ல காசு வாங்கிக்கலாம். நம்பரு சில்லுக்கும் சேத்து."

அப்போதே கிளம்பியிருக்கலாம். தொர்கினால் முடியவில்லை.

"அண்ணே, அந்தக் கேமரா படத்தை ஒரு தடவை காட்டுவீங்களா? நான் என்னை மேல இருந்து பாத்ததே இல்ல."

குவாண்டிக் சிரித்துக்கொண்டே திரையைத் தட்டினார். மேஜை வந்தது. தன் உச்சந்தலை வகிடு கோணலாக இருப்பதை அவள் பார்த்தாள். பந்து விழுந்தது. அவள் பாய்ந்தாள். இரண்டு கை, விரிந்த பத்து விரல், உருளும் சில்லுகள்.

"பருந்து மாதிரி" என்றார் குவாண்டிக்.

அவர் அவள் கைகளைப் பார்த்தார். அவளுக்குத் தன் கை தெரிந்ததுதான். அதனால் மற்றதைப் பார்த்தாள். பந்து விழும்போது இருபத்து மூன்று காலியாக இருந்தது. மெய்ராமின் இடது கை, அவள் தோளுக்கு அடியில், அவசரமே இல்லாமல் நீண்டு திரும்பியது. இருபத்து மூன்றில் மூன்று நீலச் சில்லு நின்றது.

திரை அணைந்தது.

முதலில் வந்தது பயம் அல்ல. காரில் அவன் சொன்ன வார்த்தை. முன்ன மாதிரி. பந்து விழுந்த உடனே.

அவள் மெய்ராமைப் பார்த்தாள். அவன் தேநீரில் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பயம் வந்தது. இப்போது அவன் கவுன்டரில் போய்ப் பணத்தை வாங்கினால் குற்றம் முழுமையாகிவிடும். இருவர், முன்பே பேசிவைத்தது. இந்தப் படம் இங்கேதான் இருக்கும். மேலே இருக்கும் பையன் என்றாவது ஒருநாள் சும்மா இருக்கும்போது மறுபடி போட்டுப் பார்ப்பான். இவன் சிறைக்குப் போவான். அய்ஸெரேவுக்கு அம்மா இல்லை, பிறகு அப்பாவும் இல்லை.

சொல்லிவிட்டால்? இப்போதே போலீஸ்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பலன் கைக்கு வருமுன் தானாகவே கைவிட்டவனுக்குச் சட்டத்தில் தப்ப ஒரு வாசல் உண்டு. தானாகவே என்பதுதான் சிக்கல். பக்கத்தில் இருப்பவள் சொன்னால் அது கணக்கில் வராது. அவன் வாயிலிருந்து வர வேண்டும். ஒரு வருடமாக எதுவுமே வராத வாயிலிருந்து.

"அண்ணே, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. "ஒருத்தன் அப்படி வச்சுட்டு, காசு வாங்குறதுக்கு முன்னாடி, எனக்கு வேண்டாம்னு தானா சொல்லிட்டா? அவனையும் பிடிச்சுக் குடுப்பீங்களா?"

குவாண்டிக்கின் கிண்ணம் பாதியில் நின்றது. அவர் முகத்தில் குதிரைக் கதை சொன்ன ஆள் இல்லை.

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல" என்றார்.

"சொன்னா?"

"சொல்றவனைப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

சுவருக்கு அப்பால் சில்லுகள் மோதும் சத்தம். குவாண்டிக் யாரையும் அவசரப்படுத்தவில்லை. போலீஸில் கற்றதாக இருக்கும். தொர்கின் மேஜைக்கடியில் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மெய்ராமை உதைக்கலாம் போலிருந்தது. உதைத்தால் அது தானாக ஆகாது.

"அந்த மூணு சில்லு எனக்கு வேண்டாம்" என்றான் மெய்ராம்.

"ஏன்?"

"பந்து விழுந்தப்புறம் வச்சேன்."

குவாண்டிக் திரையை மறுபடி உயிர்ப்பித்தார். இம்முறை மெதுவாக ஓடவிட்டார். நிறுத்தினார். இடது கை திரை முழுக்க நின்றது.

"நல்லா வச்சிருக்கீங்க. எத்தனாவது தடவை?"

"முதல் தடவை."

"இவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முன்னாடியே பேசிக்கிட்டீங்களா?" இதை அவர் தொர்கினைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று சொல்வது எளிது. அவள் வேலை, அவன் தண்டனை, இரண்டுக்கும் நல்லது.

"பேசினோம்" என்றாள். "பந்து விழுந்ததும் பிடுங்கச் சொன்னார். கார்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. விளையாட்டுன்னு நினைச்சேன்."

"அவ தலையில எதையும் ஏத்தாதீங்க" என்றான் மெய்ராம். முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "அவளுக்கு வேலை இருக்கு. என் பொண்ணு அவகிட்டதான் இருக்கு. என்னை மட்டும் பிடிச்சுக் குடுங்க."

குவாண்டிக் எழுந்து போய்க் கதவை மூடிவிட்டு வந்தார். கதவு ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

"பொய் சொல்லியிருந்தா என் வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றார். "இப்ப கேளுங்க. ரெண்டு பேரும் இனிமே இந்த ஊர்ல எந்த கேசினோவுக்குள்ளயும் வர முடியாது. படம் எல்லா வாசலுக்கும் போகும். காசு குடுத்து வாங்கின சில்லுல மீதி இருக்கிறதையும் விட்டுட்டுப் போங்க. இந்தப் பதிவை நான் அழிக்க மாட்டேன். முதலாளி கேட்டா இருக்குன்னு சொல்லுவேன். கேக்காத வரைக்கும் நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். எதுக்கு? எங்களுக்கு நஷ்டம் இல்ல." தொர்கின் பக்கம் திரும்பினார். "வேலையில சேந்தப்புறம் உங்க மேஜைக்கு இப்படி ஒரு கேஸ் வரும். அப்ப நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான்."

தொர்கின் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஏரியிலிருந்து காற்று வந்தது. கார் அருகில் வந்ததும் தொர்கின் அவனை அடித்தாள். தோளில், மார்பில், கை வலிக்கும்வரை. அவன் தடுக்கவில்லை.

"முன்ன மாதிரின்னு சொன்னீங்க! நான் நம்பினேன், பன்னி! காசு வேணும்னா கேட்டிருக்கலாமே!"

"காசு வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், தனக்கே தெரியாத ஒன்றைத் தேடுகிறவன் போல.

"ஜிபெக் போனதுல இருந்து எதுவுமே தெரியல தொர்கின். சூடு தெரியல, பசி தெரியல. லாரி ஒண்ணு உரசிட்டுப் போச்சு, ஒண்ணும் ஆகல உள்ள. பயமாவது வருதான்னு பாக்கணும் போல இருந்துச்சு."

கோபத்தோடுதான் கேட்டாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வந்துச்சா?"

"வைக்கும்போது வரல. கடையில சாமான் எடுக்கிற மாதிரி இருந்துச்சு." அவன் கார் சாவியை எடுத்தான். அது கதவில் சேராமல் தட்டியது. "நீ பேசினோம்னு சொன்னியே, அப்ப வந்துச்சு. இப்ப நிக்க மாட்டேங்குது, பாரு."

கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கின.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

புல்வெளி பின்னால் ஓடியது. இன்னும் பல நாள் அவனோடு பேசப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். முதலாளி என்றாவது கேட்பாரா என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஊர் எல்லையில் சிக்னல் சிவப்பானது. மெய்ராம் தொண்டையைச் செருமினான்.

"அய்ஸெரே இப்ப என்ன சாப்பிடுறா?"

"என்னது?"

"சாயங்காலம். அவ என்ன சாப்பிடுவா? எனக்குத் தெரியாது."

தொர்கின் அவனைப் பார்த்தாள். அவன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தான். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். சிக்னல் எப்போது பச்சையானது என்று அவள் கவனிக்கவில்லை.

"பாலாடைக்கட்டி. சர்க்கரை போட்டு" என்றாள். "கடைக்குப் போயி நீங்களே வாங்குங்க. நான் கார்ல உக்காந்திருக்கேன்."