நாலு கிலோமீட்டர் இதழ்

2024 மே மாதம் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸை அனுமந்தன்பட்டியில் ஒரு பூ கைகாட்டி நிறுத்தியது. அந்த இடத்தில் ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் கைகாட்டினால் நிறுத்துகிற பழக்கம் டிரைவருக்கு இருந்தது, நிறுத்திவிட்டார். கண்டக்டர் ஒச்சாண்டி இறங்கி வந்து, வேலியைத் தாண்டி ரோட்டோரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் இதழை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குள் நின்ற வியாகுலமேரியிடம், "டீச்சர், ஒங்க பூவு ஏறுதா இல்லையா? நேரமாகுதுல்ல?" என்று கேட்டார். மேரி வாயைத் திறப்பதற்குள் இதழ் பஸ்ஸின் பின் ஏணியைப் பிடித்துக்கொண்டது. அன்று தேனி மார்க்கெட்டில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய், வெயில் நூற்று ஒன்று.

மேரி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் தொங்கும். அவள் வளர்த்தது ஒரு நாள் லில்லி. காலையில் விரிந்து பொழுது சாயும்போது மூடிக்கொள்ளும், மறுநாள் கிடையாது. அந்த ஒரு நாள் வாழ்க்கைக்குள் எத்தனை கோணங்கித்தனம் பண்ணமுடியும் என்று பார்ப்பதுதான் மேரியின் வேலை. இதழ் முறுக்கிக்கொள்ள வேண்டும், ரிப்பன் போலச் சுருள வேண்டும், இல்லையென்றால் ஒல்லியாக நீண்டு சிலந்திக் கால் போல விரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு லில்லிக்காரர்கள் சங்கத்தில் ஸ்பைடர் என்று பெயர். இதழின் அகலத்தைப் போல நாலு மடங்காவது நீளம் இருந்தால்தான் ஸ்பைடர். மூன்றே முக்காலுக்குச் சங்கத்தில் மரியாதை இல்லை.

இந்தப் பைத்தியத்தை மேரிக்குப் பிடிக்க வைத்தது உத்தமபாளையத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த சமீனா. மேரியின் செடி, சமீனாவின் மகரந்தம் என்று பத்து வருஷம் இருவரும் சேர்ந்து கலப்பினம் உண்டாக்கினார்கள். சமீனா விடிந்ததும் தன் பூக்களிலிருந்து பொடியை எடுத்து, காலியான மாத்திரைக் கூட்டில் அடைத்து, ஒச்சாண்டியிடம் கொடுத்துவிடுவாள். ஒன்பது மணிக்குள் மேரி அதைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் நுனியில் தடவி, தையல் நூலில் சீட்டுக் கட்டிவிடுவாள். காய் முற்ற இரண்டு மாதம், நாற்று பூக்க மூன்று வருஷம். நூறு நாற்றில் தொண்ணூற்றெட்டு குப்பைக்குப் போகும். மிச்சம் இரண்டுக்காக இருவரும் போனில் கத்திச் சிரிப்பதைக் கேட்டு, மேரியின் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்து திராட்சைப் பந்தலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

2021-ல் ஒரு பூ நாலரை மடங்கு நீண்டது. அதுதான் அவர்களுடைய முதல் ஸ்பைடர். பெயர் பதிய மேரி சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். அதில் 'உருவாக்கியவர்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. ஒரு கட்டத்தில் ஒரு பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது டீச்சர் புத்தி. தன் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் எழுதியது அவள் கைதான். பதிவுச் சீட்டைப் பார்த்த சமீனா சண்டை போடவில்லை. "நல்லா இருக்குடி" என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து மாத்திரைக் கூடு வரவில்லை, போனும் வரவில்லை. மேரி நாலு தடவை உத்தமபாளையம் பஸ் ஏறி, நாலு தடவையும் பாதியில் இறங்கித் திரும்பி வந்தாள்.

அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் பூத்ததெல்லாம் ஒரு மாதிரி. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் பூக்கள் வடக்கே உத்தமபாளையத்தைப் பார்த்தே விரிந்தன. ஒரு சிவப்புப் பூ நாடாவை வைத்து அளந்தால் கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. இன்னொன்று இஞ்ஞாசிமுத்துவின் துண்டில் பிரிக்க முடியாத முடிச்சு போட்டது. பூக்களைத் தொட்டவர்களுக்கு உள்ளங்கால் கூசியது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடந்து திரும்பிப் போனார், ரீடிங் சரியாகத்தான் இருந்தது. ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு அவரவர் வேலையைப் பார்த்தது. மேரி மட்டும் எதையும் ரசிக்கவில்லை. கத்திச் சிரிக்க எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் ஸ்பைடர் பூத்தால் என்ன, பூக்காவிட்டால் என்ன என்று இருந்தாள்.

பஸ்ஸை மறித்த பூ, சமீனா கடைசியாகக் கொடுத்துவிட்ட பொடியில் பிறந்தது. அது பூத்த அன்றுதான் சமீனா ஊரைவிட்டுக் கிளம்புகிறாள் என்று மேரிக்குத் தெரியும், ஒச்சாண்டி சொல்லியிருந்தார். பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் நிலோபரோடு ஷார்ஜாவில் இருக்கப் போகிறாள், சாயங்காலம் ஐந்தரைக்குக் கொச்சிக்குக் கார். முதல் நாள் ராத்திரி முழுக்க மேரி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் பூ விரிந்தது. ஆறு இதழில் ஐந்து ஒழுங்காக இருக்க, ஆறாவது மட்டும் நீண்டுகொண்டே போனது.

பஸ்ஸில் வந்த புதுப்பட்டிக்காரர் ஒருவருடைய குடை காற்றில் பறக்க, அதைப் பிடிக்கப் போய் இதழ் பஸ் ஏணியை விட்டுவிட்டது. பிறகு தானாகவே ரோட்டோரம் ஊர்ந்தது. எட்டரைக்குப் புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பத்து மணிக்கு வாழைத்தார் லாரி ஏறிவிடக்கூடாதே என்று லோடுமேன்கள் நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள், தூக்கியவர்களுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வயலில் நாற்று நட்டவர்கள், தேங்காய் உரித்தவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு முழம் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ட்ராஃபிக்கைச் சரிசெய்ய வந்த போலீஸ்காரர் சிரித்ததில் விசிலை விழுங்கப் பார்த்தார். மேரிக்கும் கூடவே ஓட ஆசைதான். ஆனால் இதழின் பாரம் தாங்காமல் பூத்தண்டு சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றாள். இஞ்ஞாசிமுத்து மோரை ஊட்டிவிட்டார், முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஐந்தே காலுக்கு மேரியின் போன் அடித்தது. இஞ்ஞாசிமுத்து எடுத்து அவள் காதில் வைத்தார்.

"அகலம் எம்புட்டுடி?" என்றது சமீனாவின் குரல்.

மேரி காலையிலேயே அளந்திருந்தாள். "மூணு சென்டிமீட்டர்."

"முனை என் வீட்டு ஜன்னலுக்குள்ள வந்துருச்சு. கையில பிடிச்சிருக்கேன். ஒச்சாண்டி அண்ணே வண்டி மீட்டரப் பாத்துட்டாக, நாலு கிலோமீட்டர் எரநூறு மீட்டராம். வகுத்துப் பாரு."

மேரி வகுக்கவில்லை. "சமீனா, தப்பு என்னோடதுடி. கட்டம் ஒண்ணுதான் இருந்துச்சு. பக்கத்துல நான் இன்னொண்ணு போட்டிருக்கணும். மூணு வருஷமா இதச் சொல்லத்தான் பஸ் ஏறுனேன், எறங்குனேன்" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் பக்கம் சமீனா தானே வகுத்துப் பார்த்தாள். பிறகு, "கணக்கு ஒரு லட்சத்து நாப்பதாயிரம் மடங்கு வருது" என்று சமீனா சொன்னாள். அவள் குரலும் உடைந்துதான் இருந்தது.

அதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்க, தண்டு மேரியின் கைக்குள் நடுங்கியது. மற்ற ஐந்து இதழும் சுருள ஆரம்பித்தன. மேரி பதறிப்போய், "பூ மூடப் போகுது, முனைய விட்டுருடி, இழுத்துரும்!" என்று கத்தினாள். "கார் வந்து நிக்கிது. பெட்டிய ஏத்தியாச்சு" என்றாள் சமீனா. "விட்டுருன்னு சொல்றேன்ல!" "விடமாட்டேன் போடி" என்று பதில் வந்தது. அப்புறம் போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

சமீனா உத்தமபாளையத்திலிருந்து அனுமந்தன்பட்டி வந்துசேர ஒன்பது நிமிஷம் ஆனது. பஸ்ஸுக்குப் பன்னிரண்டு ஆகும். தென்னை மர உயரத்தில், முக்காடு படபடக்க, இதழை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் போனதை வழியெல்லாம் நின்றவர்கள் பார்த்துக் கையாட்டினார்கள். ஒரு கையை எடுத்துத் திருப்பி ஆட்ட முடியாததால் தலையை மட்டும் ஆட்டினாளாம். திராட்சைப் பந்தலுக்கு இந்தப் பக்கம் மெத்தென்று வந்து இறங்கியவள், மூடிக்கொண்ட பூவைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். "லில்லிக்கு இம்புட்டுத் தண்ணியா பாச்சுவ? வேர் அழுகிறாது?" என்று திட்டினாள். மேரி அவளைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷச் சிரிப்பையும் இருவரும் அங்கேயே நின்று சிரித்துத் தீர்த்தார்கள். இஞ்ஞாசிமுத்து வழக்கம்போலப் பந்தலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இந்தப் பூவுக்கான விண்ணப்பத்தில் மேரி ஸ்கேல் வைத்து இரண்டாவது கட்டம் போட்டாள். பழைய பூவுக்கும் சேர்த்துத் திருத்தம் அனுப்பினாள். இருபது நாளில் சங்கத்திடமிருந்து பதில் வந்தது. இரண்டு பெயரும் ஏற்கப்பட்டன. நீள அகல விகிதம் நாலுக்கு மேல் இருப்பதால் பூ ஸ்பைடர் வகையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. வேறு குறிப்பு எதுவும் இல்லை.

சமீனா அந்த மாதக் கடைசியில்தான் ஷார்ஜா போனாள். மகளுக்கு அங்கே பிரசவம், போகாமல் முடியாது. தினமும் காலையில் இருவரும் போனில் கத்தினார்கள். ஆனால் போன் போன்தானே, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு ஈடாகுமா என்று மேரி எல்லோரிடமும் குறைப்பட்டாள். மறு வருஷம் மே மாதம் அதே செடியில் மொட்டு வந்தபோது அது வடக்கே பார்க்கவில்லை, மேற்கே மலையைப் பார்த்தது. விரிந்த அன்று ஒன்பது மணிக்குள் குமுளி செக்போஸ்டுக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவர்கள் என்ன சரக்கு என்று கேட்டு, பூ என்றதும் கம்பைத் தூக்கிவிட்டார்கள். கடலுக்கு மேலே போனதற்கு மீன்பிடி வள்ளக்காரர்கள் சாட்சி.

மத்தியானம் நிலோபரிடமிருந்து போன். "மேரிம்மா, அம்மா பால்கனியில பூவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. சொன்னா கேக்க மாட்டேங்கிறாக. என்ன செய்ய?"

"பாஸ்போர்ட்ட மறக்காம எடுத்துக்கிறச் சொல்லு" என்றாள் மேரி. பிறகு ஒரு படி அரிசியைக் கூடுதலாக ஊறப்போட்டாள். முனை இருக்கிற ஷார்ஜாவில் பொழுது நம்மைவிடத் தாமதமாகத்தான் சாயும் என்பதால், ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பதரைக்குத் தள்ளி வைத்தாள்.