எதிரி வந்தால் போகும் நெட்

ஆன்லைன் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. ஆடுபவரின் ஒவ்வொரு அசைவும் சின்னச் சின்னத் தகவல் பாக்கெட்டுகளாக எங்கள் சர்வருக்கு வரும். இன்று மாட்டியவனுடையவை சண்டையில் மட்டும் நின்றுபோகும். மற்றவர் திரையில் சிலையாக நிற்பான்; தன் திரையில் மட்டும் சுட்டுக்கொண்டிருப்பான். பிறகு எல்லாம் மொத்தமாக வந்து விழும்போது எதிரி செத்திருப்பான்.

“அக்கா மைக்ரோவேவ் போட்டா நெட் போயிடுது மேடம்,” என்று எழுதியிருந்தான்.

“எதிரி வந்தாதான் உங்க அக்காவுக்குப் பசிக்குமா?” என்று பதில் போட்டு, அவன் கணக்கை முடக்கினேன்.

பக்கத்து அறையில் அம்மா மறுபடி இருமத் தொடங்கினாள். அலுத்துப்போய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“இந்த மாசமாவது அம்மாவைக் கூட்டிட்டுப் போறியாண்ணா?”

“ஹலோ... விட்டு விட்டுக் கேக்குது... ஹலோ...”

“புது கார் எப்படிண்ணா ஓடுது?”

“சூப்பரா ஓடுதும்மா!”

அட்சரம் பிசகாமல் கேட்டது.