உள்ளறைச் சரக்கு

காலையிலிருந்து வெப்சைட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன். வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. மாதுளைப் பூ போட்ட என் புதுத் தட்டுகளின் படங்களை ஏற்றியது நான்தான். கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தால் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

மார்செய் நகரத்து ஹோட்டல்காரி மதாம் லுசியென் இன்றைக்குள் பார்த்துவிட்டு ஆர்டரை எனக்கா, எதிர்க்கடை முன்ஸிஃபுக்கா என்று முடிவு சொல்வதாக இருந்தாள். எங்கள் நாபுல் ஊரில் பீங்கான் விற்கிறவனுக்கு இந்த மந்த காலத்தில் அது ஒரு சூளை முழுக்கச் சரக்கு.

"இருக்கு, ஆனா தெரியல. அது எப்படி?" என்றேன்.

"உன் மூளை மாதிரிதான் மனுஷா," என்றாள் என் மனைவி நஸீஹா. "போன் போட்டுக் கேளு."

வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடும் கம்பெனியில் ஒரு பெண் எடுத்து, மரியாதையாக 'ஸி' போட்டுக் கூப்பிட்டாள்.

"ஸி ஹேதி, ஃபைல் எல்லாம் எந்த ஃபோல்டர்ல போட்டீங்க?"

"ரெண்டு இருந்துச்சும்மா. ஒண்ணு பொது, ஒண்ணு தனி. தனியில போட்டேன்."

"ஏன்?"

"நல்ல சரக்க எவனாவது பொதுவுல வைப்பானா? எதிர்க்கடைக்காரன் பார்த்தா, இன்னைக்கே அச்சு எடுத்துருவான்!"

அவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"தனியில போட்டா யாருக்குமே தெரியாது, ஸி ஹேதி."

"அதுக்குத்தானேம்மா போட்டேன்."

"அப்ப வாங்குறவங்க எப்படிப் பார்ப்பாங்க?"

"உக்கார வச்சு டீ குடுத்து, ஆளு சரியான்னு பார்த்து, உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்."

"இங்க கூட்டிட்டுப் போக ஆள் கிடையாது. பொதுவுக்கு மாத்துங்க."

போனை வைத்தேன். உள்ளறை இல்லாத கடை! கதவில்லை, திரையில்லை, வருகிறவன் வாங்குவானா திருடுவானா என்று முகம் பார்க்க வழியுமில்லை. இதற்குப் போய் வாடகை வேறு.

எதிர்க்கடை வாசலில் முன்ஸிஃப் ஸ்டூலில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன ஸி ஹேதி, உங்க வெப்சைட்டு நோன்பு புடிக்குதா? வெறும் வயிறா இருக்கே!"

"பாரு," என்றேன் நஸீஹாவிடம். "காத்துக்கிட்டு இருக்கான்."

"அவன் பார்த்தா மாதுளைதான் போகும். அந்த மதாம் பார்க்கலன்னா ஆர்டரே போகும். எது வேணும்?"

கணக்கு சரிதான். கைதான் வரவில்லை. பாதிப் படங்களை மட்டும் மாற்றலாமா என்றேன். அவள் பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் பொதுவுக்கு இழுத்துவிட்டேன். தெரு நடுவில் துணி அவிழ்த்த மாதிரி இருந்தது.

பக்கம் திறந்தது. சிவப்பாய் மாதுளைகள். எதிரே முன்ஸிஃப் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். கேலி நின்றுபோயிற்று. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பட்டறைப் பக்கம் போனான்.

"போயிட்டான் களவாணி! நாளைக்கே அவன் தட்டுல மாதுளை காய்க்கும்," என்று நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

மதாம் லுசியென். மாதுளைத் தட்டு பிடித்திருக்கிறதாம், என்ன விலை என்றாள். சொன்னேன்.

"ஐயோ, ரொம்ப ஜாஸ்தி!" என்றாள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்த முதல் பேச்சு அதுதான். பேரம் பேச நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.