அமானிதக் கிளி

ஊரார் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: நான் கோபக்காரி. கத்தித் தீர்த்துவிட்டு மறுநாள் சிரித்துப் பேசுகிறவர்கள் ஒரு ரகம். நான் கத்தவும் மாட்டேன், மறக்கவும் மாட்டேன். எதிர்வீட்டு சலேஹாவோடு அப்படித்தான் மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன். பினாங்கு சூலியா தெருவில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். எதிர்ச்சாரியில் ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் அவளும் அவள் புருஷன் நூர் முகம்மதும். தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வேர்த்து ஊற்றினாலும் சரி என்று அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். என் மகள் ஷரீஃபாவின் கல்யாண விருந்தில், சம்பந்தி வீட்டுப் பெண்கள் நாற்பது பேருக்கு நடுவில், சலேஹா ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டு, "என்னா லாத்தா, கடையில மிஞ்சுன சோறா?" என்று கேட்டாள். லாத்தா என்றால் அக்கா; நான் அவளைவிட நாலு வயது மூத்தவள். விளையாட்டுக்குக் கேட்டாளாம். என் கையால் தம் போட்டு இறக்கிய பிரியாணி அது! துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்களும் எங்கள் கடையில் வயிறார உண்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள். சம்பந்திகள் களுக்கென்று சிரித்த சிரிப்பு என் காதிலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவளும் புருஷனும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கப்பல் ஏறுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கிப் பிழை பொறுக்கக் கேட்பது எங்கள் வழக்கம். போய்த் திரும்ப ஐந்து மாதம் ஆகும். கடலிலும் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அதனால் யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டோம்.

சலேஹாவும் வந்தாள். பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர். அவள் கையில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளிக்குஞ்சு. இறகு முழுசாக வளராத, தானாகத் தின்னப் பழகியிருந்த பருவம். பதினைந்து வருஷமாகப் பிள்ளை இல்லாத வீடு அவளுடையது. பசாரில் வாங்கிய அந்தக் குஞ்சை மடியில் வைத்து வளர்த்தாள் என்று ஊரே பேசியது.

"நா ஏதும் தப்பா பேசியிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க, லாத்தா" என்றாள்.

"பொறுத்துக்கிட்டேன். நல்லபடியா போய்ட்டு வா" என்றேன். உதடுதான் சொன்னது. நெஞ்சு அசையக்கூட இல்லை.

அவள் கூண்டை என் முன்னால் வைத்தாள். "இத உங்ககிட்ட அமானிதமா விட்டுட்டுப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். கொடுத்தபடி திருப்பித் தராவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். நாலு பேர் பார்க்க, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கூடவே ஒரு பெரிய தகரத்தையும் இறக்கினாள். மூடியைத் திறந்தால் விளிம்பு வரை சூரியகாந்தி விதை.

"இத மட்டும் போட்டா போதும். வேற எதுவும் குடுக்க வேணாம்லா. எதுவுமே வேணாம்."

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவள் கொடுத்த விதை, அவள் கிளி. என் வீட்டுப் பருக்கை ஒன்று அதன் வாயில் பட்டு, நாளைக்கு அதற்கு ஏதாவது ஆகிவிட்டால், 'ஹாஜரா பழி தீர்த்துக்கிட்டா' என்று தெருவே சொல்லும். விதையைப் போட்டேன், தண்ணீர் வைத்தேன், கூண்டைச் சுத்தம் செய்தேன். அதற்கு மேல் ஒரு துளி இல்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. விதையைக் கண்டால் அதற்கு அப்படி ஒரு ஆவல். தோலை உரித்து எறிந்து தின்றபடி இருக்கும். ஒரு மாதம் போனதும் கத்தல் குறைந்தது. பிறகு தும்மல். மூக்கு ஓரம் காய்ந்து பொருக்குத் தட்டியது. பச்சை இறகு மங்கி, வந்த புது இறகும் பாதியில் ஒடிந்து விழுந்தது. பகலிலேயே உடம்பை உப்ப வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து வைத்தேன். குடித்தது, பாவம். தேறவில்லை.

அடுத்த வீட்டு நூர் பீவி வந்து பார்த்தாள். "இது தாங்காது போலிருக்கே, லாத்தா. சலேஹா வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்றாள். கேட்டதைவிட அவள் என்னைப் பார்த்த பார்வைதான் சுருக்கென்று தைத்தது. நான் ஒரு பாவமும் செய்யவில்லையே என்று மனசுக்குள் கத்தினேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் பாலிக் புலாவிலிருந்து சூசை எங்கள் கடைக்குப் பழம் கொண்டு வருவார். அங்கே ஒரு பழத் தோட்டத்தில் காவல் வேலை. கூடையை அடுப்பங்கரையில் இறக்கி வைத்தவர் கிளியைப் பார்த்துவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இந்தப் பயலுக்கு என்னா போடுறீங்க?"

"விதை."

"அதோட?"

"அதோட என்ன? விதைதான். குடுத்துட்டுப் போனவ அத மட்டும்தான் போடச் சொன்னா."

"அட ஆண்டவரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நாள் பூரா தகரத்தத் தட்டித் தட்டி இவனுங்களத்தான் வெரட்டுறேன். என் தோட்டத்துல எத விட்டு வச்சிருக்கானுங்க? ஜம்புல நாலு கொத்து, கொய்யாவுல நாலு கொத்து, பப்பாளி, பூவு, கொழுந்து, பக்கத்துக் கொல்லையில சோளம்... ஒரே சாமானத் தின்னுட்டு ஒரு கிளி வீட்டுக்குப் போயி நா பாத்ததே இல்ல. இது வளர்ற உசுரு, அக்கா. விதையில எண்ணெதான் இருக்கு. தெனமும் மூணு வேளை வெறும் நெய்யக் குடிக்கச் சொன்னா நீங்க நிப்பீங்களா?"

"அமானிதம், சூசை. சொல்ல மீறக் கூடாது."

"அப்பப் பொதைக்க எடம் பாத்து வைங்க" என்றார் சூசை, கூடையை எடுத்துக்கொண்டே.

சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. மத்தியானம் கடைக்கூட்டம் ஓய்ந்ததும் என் கணவர் ஹனீபாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் அதிகம் பேசமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு உன்கிட்ட அமானிதமா விட்டது கிளியையா, தகரத்தையா?" என்று கேட்டார்.

கூண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். விதையோடு செத்தால் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதமாக இந்த ஒரு கணக்கைத்தானே நான் போட்டுக்கொண்டிருந்தேன்? கிளி பிழைக்குமா என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஊருக்கே சோறு போடுகிறவள், ஒரு கைப்பிடி உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட விட்டிருக்கிறேன். சீ, நீயும் ஒரு பொம்பளையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பழி வந்தால் வரட்டும் என்று அப்போதுதான் எழுந்தேன்.

பப்பாளியை நறுக்கி வைத்தேன். என்ன நடந்தது என்கிறீர்கள்? காலால் தள்ளிவிட்டது! கொய்யா வைத்தேன், கிண்ணத்தையே கவிழ்த்தது. வேகவைத்த பூசணிக்காய் என் சேலையில் வந்து விழுந்தது. "ஒனக்கு இருக்கிற திமிரு எனக்கே இல்லடீ" என்றேன். "ஒனக்குச் சரியான ஜோடிதான்" என்று கீழேயிருந்து என் கணவர் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

அடுத்த செவ்வாய் வரை காத்திருக்க முடியாமல், பாலிக் புலாவுக்குப் போகிற மாட்டுவண்டிக்காரரிடம் சொல்லி சூசையை வரவழைத்தேன். "விதையச் சட்டுன்னு நிறுத்திறாதீங்க, பட்டினியில செத்துரும்" என்றார் அவர். "காலைல பசியோட இருக்கும்ல, அப்பப் புதுசு வைங்க. சாயங்காலம் கொஞ்சம் விதை. நாளுக்கு நாள் கொறைங்க. அது முன்னாடி நீங்க தின்னுங்க, அக்கா. கூட்டத்தோட தின்ற சாதி அது. ஒத்தையில இருந்தா புதுசத் தொடப் பயப்படும்."

மறுநாள் காலை வெளிச்சத்துக்காகத் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். பூட்டிக் கிடந்த எதிர்வீடு தெரிந்தது. கிடக்கட்டும் என்று கூண்டை ஜன்னலோரம் வைத்து, கங்கோங் கீரையைக் கழுவி ஈரத்தோடு கம்பியில் தொங்கவிட்டேன். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, ஒரு தட்டுப் பப்பாளியோடு அதன் எதிரே உட்கார்ந்து, நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு கிளிக்குக் கூத்துக் காட்ட வேண்டியதாயிற்று! நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் கம்பியோரம் நகர்ந்து வந்து, தலையைச் சாய்த்து, என் விரலிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டது. கீழே போடவில்லை. மென்று விழுங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை நீட்டினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பெரிய சாப்பாடு அதற்குத்தான். ஒரு நாள் ஜம்பு, ஒரு நாள் சிக்கு என்று நாங்கள் சொல்கிற சப்போட்டா. முருங்கைக் கீரை, பயற்றங்காய், முளைகட்டிய பயறு, பிஞ்சுச் சோளம். பச்சைமிளகாயை அது தின்கிற அழகைப் பார்க்கவே கடை ஆட்கள் மேலே வருவார்கள். ஒருத்தன் தேத்தண்ணியில் ரொட்டியை நனைத்து நீட்டினான், கரண்டியோடு துரத்தினேன். உப்பும் குழம்பும் அதன் பக்கமே போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு மாதத்தில் தும்மல் நின்றது. கழுத்திலும் முதுகிலும் புது இறகு பளபளவென்று வந்தது. காலையில் நான் எழுந்து வரத் தாமதமானால் வீடே அதிரக் கத்தும்.

ஆனால் கப்பல் வருகிற நாள் நெருங்க நெருங்க எனக்கு ஒரே கவலை. சொன்ன சொல்லை மீறிவிட்டேனே, எந்த முகத்தோடு சொல்வேன்? மறைத்துவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அமானிதத்தில் பொய்யா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கப்பல் வந்த அன்று சலேஹா தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி நேரே என் மாடிக்கு ஏறி வந்தாள். கறுத்து, மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். சலாம் சொல்லிய வாய் மூடுவதற்குள், "லாத்தா, கிளி இருக்கா?" என்றாள்.

ஜன்னலோரம் கையைக் காட்டினேன். கிளி ஒரு காலால் கொய்யாத் துண்டைப் பிடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. சலேஹா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சலேஹா, மொதல்ல இதக் கேட்டுக்க" என்றேன். "நீ சொன்னபடி நா செய்யல. ரெண்டு மாசம் விதை மட்டும்தான் போட்டேன். சாகக் கெடந்துச்சு. அப்புறம் என் இஷ்டத்துக்குப் பழம், கீரையெல்லாம் குடுத்தேன். சொல்ல மீறிட்டேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "மீறியிருக்கணுமேன்னுதான் லாத்தா அங்க கெடந்து அல்லாகிட்ட துஆ கேட்டேன். போறப்ப கப்பல்ல கூட வந்த ஒரு பொம்பள கிளி வளத்தவ. வெறும் விதையில குஞ்சு தங்காதுன்னா. அன்னையிலேருந்து தூக்கமில்ல. உங்க கொணம் எனக்குத் தெரியும், சொன்னா சொன்னபடிதான் நிப்பீங்க. நா சொன்ன சொல்லே அதக் கொன்னுரும்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரியாமச் சொன்னது தானே. விடு."

"தெரியாம இல்ல, லாத்தா." அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். "நாம ராசியாயிட்டோம்னு ஊரு நம்பணுமேன்னு உங்ககிட்ட விட்டேன். ஆனா பழைய கோவத்துல எதையாச்சும் குடுத்துருவீங்களோன்னு உங்க கைக்குப் பயந்தேன். உங்க அடுப்பங்கரைச் சாமான் எதுவும் அது வாயில படக் கூடாதுன்னுதான் விதை மட்டும்னு சொன்னேன். பொறுத்துக்கங்கன்னு கேட்ட வாயாலயே அதயும் சொன்னேன்."

என் கைக்குப் பயந்தாளாம்! வேறொரு நாளாக இருந்தால் என் உச்சந்தலையில் தீப்பிடித்திருக்கும். அன்றைக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நா மட்டும் என்னா யோக்கியம்? பொறுத்துக்கிட்டேன்னு அன்னைக்கு வாய்தான் சொன்னுச்சு. செத்தா பழி என் மேல வரக் கூடாதுன்னு உன் விதையவே போட்டுக்கிட்டு இருந்தேன். நீ ஒரு பொய் சொன்ன, நா ஒரு பொய் சொன்னேன். ரெண்டு மாசமா அந்தப் புள்ள நம்ம பொய்யத்தான் தின்னுச்சு, சலேஹா."

கிளி கொய்யாவைத் தின்று முடித்துவிட்டு அலகைக் கம்பியில் தேய்த்தது.

"இப்பக் கேக்குறேன், லாத்தா" என்றாள் சலேஹா. "மனசார முடியலன்னா சொல்ல வேணாம். நா கோவிச்சுக்க மாட்டேன்."

பொறுத்துக்கிட்டேன் என்று சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவளும் அதையே சொல்லிவிட்டாள்.