இஷாம் பாஸ்ட் அவுட்

இஷாம் கத்தாருக்குப் போய் நாலு வருடமாகிறது. வெயிலில் நின்று லொறியிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. போன மாதம்தான் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகும் வகுப்பில் சேர்ந்திருந்தான். அதில் அவன் பாஸாக வேண்டுமென்று ஏறாவூரில் அவன் மனைவி ஸுஹைனா தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அனுப்பியவன் கமாவு, இஷாமோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கென்யாக்காரன். ‘சிஸ்டர், இஷாம் பாஸ்ட் அவுட் டுடே. போஸ் இஸ் வித் ஹிம்.’

ஸுஹைனாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் இந்தச் சொல் தெரியும். தங்கை நிஸ்றா ஆசிரியர் பயிற்சி முடித்து வெளியேறிய நாளில், ‘பாஸிங் அவுட்’ என்று எழுதிய பதாகைக்குக் கீழே குடும்பமாக நின்று படம் எடுத்திருந்தார்கள். முதலாளியே கூட நிற்கிறார் என்றால் சான்றிதழ் கொடுக்கத்தான் இருக்கும்.

இஷாமுக்கு அழைப்பு எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. விழாவில் நிற்பவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு, ‘வெரி ஹெப்பி, தேங்க் யூ போஸ்’ என்று கமாவுக்குப் பதில் போட்டாள். போனை அறைக்குள் சார்ஜில் போட்டுவிட்டு, மீனை மூடி வைத்து, ரவையை வறுக்கத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு நபீஸா மாமி கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“என்னகா விசேஷம்?”

“அவர் பாஸாகிட்டார் மாமி. இனி வெயிலுக்க மூட்ட தூக்கத் தேவல்ல.”

ஒன்பது வீட்டுக்குக் கொடுத்து முடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நிஸ்றா ஒரு வாய் கேசரியோடு போனை எடுத்துப் பார்த்தாள். அதற்குள் கமாவு இன்னொரு செய்தி அனுப்பியிருந்தான்: ‘சிஸ்டர், வை ஹெப்பி? ஹி இஸ் இன் ஹொஸ்பிட்டல்.’

நிஸ்றா தட்டைக் கீழே வைத்தாள்.

“ராத்தா, மயங்கி விழுறதுக்கும் பாஸ்ட் அவுட் எண்டுதான் சொல்லுவாங்க.”

ஸுஹைனாவுக்குச் சாவு நினைவுதான் வந்தது. “மயக்கமா? மௌத்தாகினாலும் இப்பிடித்தானே எழுதுவாங்க?”

“இல்ல ராத்தா. அது பாஸ்ட் அவே. இது அவுட். நல்லாப் பாருங்க.”

ஸுஹைனா போனை வாங்கி, ‘அவுட்’ என்ற அந்த மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகும் ஒருமுறை பார்த்தாள்.

நாலாவது தடவை அழைத்தபோது இஷாமே பேசினான்.

“ஒண்டுமில்ல புள்ள, சேலைன் ஏத்துறாங்க. காலையில சாப்பிடாம வேலைக்குப் போயிட்டன்.”

“ஏன் சாப்பிடல்ல?”

“நேத்து ராவைக்கு வகுப்பு முடிய நேரமாகிட்டு. எழும்பப் பிந்திட்டன்.”

“நீங்க விழுந்து கிடக்கக்குள்ள நான் ஊரெல்லாம் கேசரி குடுத்திருக்கன்,” என்றாள். விஷயம் விளங்கியதும் அவன் சிரிக்கத் தொடங்கினான். “சிரிக்காதீங்க,” என்று அழுதபடி போனை வைத்தாள்.

நிஸ்றா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “அந்தச் சொல்லுக்கு இன்னொரு கருத்தும் இரிக்கி ராத்தா. எல்லாருக்கும் குடுத்துக்கிட்டுப் போறதயும் பாஸ் அவுட் எண்டு சொல்லுவாங்க.”

“அதத்தானே நான் பகல் முழுக்கச் செஞ்சன்,” என்றாள் ஸுஹைனா. அப்போதுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னாள். வெட்கமாகத்தான் இருந்தது. நபீஸா மாமி கழுவி வைத்திருந்த தட்டைத் திருப்பிக் கொடுத்தார். “எழும்பிட்டார்தானே? அல்ஹம்துலில்லாஹ். கேசரி அதுக்கெண்டு இரிக்கட்டும்.”

இரத்தம் சோதித்ததில் இஷாமுக்குச் சீனி வியாதி இருப்பது தெரிந்தது. டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பார்த்து, கம்பனியில் அவனை வெயில் படாத களஞ்சிய வேலைக்கு மாற்றினார்கள். காலையில் அவன் சாப்பிடுகிறானா என்று பார்த்துக்கொள்ளும்படி, நிஸ்றாவைக் கொண்டு கமாவுக்கு எழுதுவித்தாள் ஸுஹைனா. இப்போது தினமும் இஷாமின் தட்டைப் படம் பிடித்து அனுப்புகிறான் கமாவு. சில நாள் ரொட்டி, சில நாள் முட்டை. லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் படம் பிந்தி வரும்.