காய்ந்துபோன பேஸ்ட்

என் தம்பி என்னிடம் பொய் சொல்லும் முன்னால் தொண்டையைக் கனைப்பான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை நான் அந்தக் கனைப்பில் கண்டுபிடித்துவிடுவேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, அவனுக்குப் பிறவியிலேயே பொய் வராது.

அன்று மதியம் அவன் வந்தது, திரையில் இருப்பதை எனக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுகிற என் பழைய கம்ப்யூட்டருக்கு ஹீட்சிங்க் மாற்ற. ப்ராசஸரின் தலையில் உட்கார்ந்துகொண்டு அதன் சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினியக் கட்டி அது. அதோடு சேர்ந்த ஃபேன் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் ஓடினால் போதும், உள்ளே கொதித்துத் தானாக அணைந்துவிடும். நானும் கொஞ்சம் தட்டச்சு, கொஞ்சம் சும்மா என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

விசாரணை அலுவலகம் ஒன்றின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் வேலை. வீட்டிலிருந்து செய்கிறவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். அவர்கள் போட்டுக்கொடுத்த பழைய மென்பொருள் இந்த ப்ராசஸரை அடையாளம் பார்த்துத்தான் திறக்கும். வேறொன்றை மாட்டினால் யாரோ எவரோ என்று கதவைச் சாத்திவிடும். புதிதாக யாருக்கும் போட்டுத்தருவதாக இல்லை என்று மேலாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். "இது ஓடுற வரைக்கும் வேலை இருக்கும்மா. நின்னுட்டா அவ்வளவுதான்."

வேலை போனால் இந்த ஒற்றை அறையும் போகும். பிறகு தம்பி வீடுதான். படியில் விழுந்து என் கால் பிசகியதிலிருந்து அவனும் "எங்ககூட வந்துடுக்கா" என்று நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் பெண்டாட்டி நல்லவள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவள் வீட்டில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் வீடே எழுந்து நிற்கும். இங்கே என் டம்ளர் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பிடிவாதம்.

தம்பி தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். தூசி மூக்கில் ஏறியது.

"உள்ள இருக்கற தூசியில ஒரு தலகாணி தைக்கலாம்க்கா."

"தைச்சு எடுத்துட்டுப் போ. கடையில மத்தியானம் தூங்க உதவும்."

வழக்கமாகச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. அவன் ரிப்பேர் கடை வைத்திருப்பது நேற்று இன்று அல்ல. இதே மெஷினை முதலில் பூட்டிக்கொடுத்தபோது அவனே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான்: ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவுகிற பேஸ்ட் வருஷக்கணக்கில் காய்ந்து சிமென்டாகிவிடும், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கி, பேஸ்ட் இளகியதும் மெதுவாகத் திருகித்தான் கழற்ற வேண்டும், அப்படியே இழுத்தால் ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வரும், அடியில் இருக்கிற ஊசி மாதிரியான பின்னெல்லாம் வளைந்துவிடும்.

அதனால் அவன் ஆன் செய்யப்போகிறான் என்று காத்திருந்தேன். ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. உடனே பொளக்கென்று ஒரு சத்தம்.

தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, ப்ராசஸர் ஏற்கெனவே போயிருச்சு போலிருக்கு."

"காலையிலகூட நாலு பக்கம் அடிச்சேனேடா."

"சூடு தாங்காம அப்புறமா போயிருக்கும்."

"நீ சூடு பண்ணிட்டுத்தான எடுத்த?"

"ம்... பண்ணேன்."

"யாருக்குடா காது குத்தற? ஆன் பண்ணா அது வாயத் திறந்து பேசுமே. நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

நான் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கி வைத்தான். ஹீட்சிங்க் ஜில்லென்று இருந்தது. அதன் அடியில் ப்ராசஸர் ஒட்டிக்கொண்டு தொங்கியது. விரலை ஓட்டினேன். ஒரு ஓரத்துப் பின்கள் மட்டும் பல் சாய்ந்த சீப்பு மாதிரி படுத்துக்கிடந்தன.

நாளைக்கு வேலை இல்லை என்பதுதான் முதலில் உறைத்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"மறந்து இழுத்தியா, வேணும்னே இழுத்தியா?"

இந்தத் தடவை கனைக்கவில்லை. "கட்டில் வாங்கிட்டோம்க்கா" என்றான்.

"ஓஹோ."

"ஜன்னலோரமாப் போட்டிருக்கு."

"எனக்கு எதுக்குடா ஜன்னல்?"

"காத்து வரும்ல."

அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் அவன் குரல் உடைந்திருந்தது. நான் இங்கே தனியாகக் கிடந்து செத்துப்போய், எத்தனையோ நாள் கழித்துத்தான் தெரியவரும் என்று அவன் பயந்தான். அந்தப் பயம் பொய்யில்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. பாசத்தோடு கழுத்தைப் பிடிக்கிறவனிடம் எப்படித் திமிறுவது?

"நிமிர்த்து" என்றேன்.

"உடைஞ்சுடும்க்கா. என்னால ஆகாது."

"அப்ப என்கிட்ட குடு. நான் நிமிர்த்தறேன்."

தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து ஹீட்சிங்கின் மேல் காட்டினான். பேஸ்ட் இளகியதும் திருகினான், ப்ராசஸர் நோகாமல் தனியே வந்தது. இப்போது மட்டும் சூடு காட்டத் தெரிந்தது. பையிலிருந்து அழுத்தினால் லெட் நீளுகிற பென்சில் ஒன்றை எடுத்து, உள்ளிருந்த லெட்டை உருவிப் போட்டுவிட்டு வெறும் முனையை என் விரலில் தொட்டுக்காட்டினான். அந்தத் துளைக்குள் பின்னை நுழைத்து, மெல்ல மெல்ல நிமிர்த்த வேண்டும்.

முதல் பின் நிமிர்ந்தபோது அவன்தான் மூச்சு விட்டான். அடுத்ததைத் தேடி என் நகம் போனது. "கொஞ்சம் இடது பக்கம். ஆங், அதான்." அவன் கண், என் கை. சண்டை போட்ட கையோடு நாங்கள் எப்போதும் இப்படித்தான் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்வோம். ஒவ்வொன்றாக நிமிர்ந்து வந்தன. நான் மனசுக்குள் நாளைய வேலைக்கே போய்விட்டேன். எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்தேன்.

கடைசிப் பின் மூலையில் இருந்தது. நுழைத்தேன், தூக்கினேன். பக்கத்தில் இருப்பவற்றோடு விரலை வைத்து அளந்தேன். போதும் என்று விரல் சொன்னது.

"இன்னும் கொஞ்சம்க்கா" என்றான்.

இன்னும் கொஞ்சம் தூக்கினேன். முனை சட்டென்று லேசானது. பின் உடைந்து பென்சிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பிறகு அவன் ப்ராசஸரை வாங்கி, பொறுமையாக உட்காரவைத்து, புது பேஸ்ட் தடவி, புது ஹீட்சிங்க்கைப் பூட்டினான். குறை சொல்ல முடியாத வேலை. ஒரு கொக்கிகூடச் சத்தமாக விழவில்லை. ஸ்விட்சைப் போட்டான். புது ஃபேன் அழகாகச் சுற்றியது, அப்படி ஒரு சீரான சத்தத்தை அந்தப் பெட்டியிலிருந்து நான் கேட்டதே இல்லை. அது பேசும் என்று காத்திருந்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டான். ஃபேன் சுற்றியது. பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"பரவால்ல விடுக்கா" என்றான். எவ்வளவு மறைத்தும் அந்த 'விடுக்கா'வில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க எனக்குக் காது செவிடாகவும் இருந்திருக்க வேண்டும்.

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்ப் பெண்டாட்டியிடம் பேசினான். ஒற்றை அறையில் வாசல் பக்கம் என்றால் எவ்வளவு தூரம்?

"நிமிர்த்தித்தான் பாத்தோம். கடைசியில அக்கா கை தவறி உடைஞ்சுருச்சு... இல்லல்ல, நான் ஒண்ணும் பண்ணல."

அந்தப் பக்கம் அவள் ஏதோ குடைந்து குடைந்து கேட்டாள். அவனுக்கு வார்த்தை தடுமாறியது. அவள் பொல்லாத நியாயக்காரி. உண்மை தெரிந்தால் அவனைச் சும்மா விடமாட்டாள், அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சண்டை நடக்கும். அப்புறம் அந்த வீட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். அங்கே எனக்கென்று இருக்கப்போவது அவன் ஒருவன்தான். அவனும் என்னிடம் பேசப் பயந்தால் நான் யாரோடு பேசுவது?

போனைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். அவன் உள்ளங்கை நனைந்திருந்தது.

"நிஜமாவா அண்ணி? உங்க கையாலயா உடைஞ்சுது?"

"ஆமாம்மா" என்றேன். "என் கையாலதான்."